ஒருவர் கைக்கு எக்ஸ்பாக்ஸ், இன்னொருவர் கைக்கு பிளேஸ்டேஷன்... 24 நிமிடங்களில் முடிந்த கால்பந்து உலகக்கோப்பை!

புல்தரை இல்லை. வியர்வை நனைந்த ஜெர்சியும் இல்லை. இரண்டு நாற்காலிகள், இரண்டு திரைகள், இரண்டு கன்ட்ரோலர்கள். 2019 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஓ2 அரங்கில் நடந்தது ஃபிஃபா இ-வேர்ல்டு கப் இறுதிப்போட்டி. வெல்பவருக்கு 2,50,000 டாலர். அன்றைய மதிப்பில் நம்ம ஊர்ப் பணத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாய்.

ஒரு நாற்காலியில் சவுதி அரேபியாவின் மொசாத் அல்தோசரி. ரசிகர்களுக்கு அவர் 'எம்எஸ்டோசரி'. வயது 19. முந்தைய ஆண்டின் சாம்பியன். எதிர் நாற்காலியில் ஜெர்மனியின் மொஹம்மத் ஹர்கூஸ். 'மோஆபா' என்று சொன்னால்தான் கேமர்களுக்குத் தெரியும். வயது 22. வெர்டர் பிரேமன் கிளப்புக்காக ஆடுபவர்.

"வீடியோ கேம்தானே... பட்டனைத் தட்டினால் கோல் விழும். இதில் என்ன வியூகம் வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல இந்த ஒரு மேட்ச் போதும். ஏனென்றால், இதன் முடிவு பந்து உருளத் தொடங்குவதற்கு முன்பே பாதி எழுதப்பட்டுவிட்டது.

மாமியார் வீட்டு அடுப்பங்கரை

இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் விழும் கோல்களைக் கூட்டி, அதிகம் அடித்தவருக்குக் கோப்பை. முதல் ஆட்டம் எக்ஸ்பாக்ஸில், இரண்டாவது பிளேஸ்டேஷன் 4-ல். மொசாத் எக்ஸ்பாக்ஸ்காரர், ஹர்கூஸ் பிளேஸ்டேஷன்காரர். அதாவது, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆட்டம் சொந்த ஊர், இன்னொன்று அசலூர்.

கேம் ஒன்றுதானே, எந்தப் பெட்டியில் ஆடினால் என்ன? வித்தியாசம் விரலில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இடதுபக்கக் குச்சி மேலேயும், அம்புக்குறி பட்டன்கள் அதற்குக் கீழேயும் இருக்கும். பிளேஸ்டேஷனில் இது தலைகீழ். இரண்டு குச்சிகளும் கீழே அக்கம்பக்கமாக, அம்புக்குறிகள் மேலே. பிடியின் வளைவு வேறு, விரல் தொடும் பட்டன்களின் அழுத்தம் வேறு. பல வருடம் ஒரே அடுப்பங்கரையில் சமைத்தவர், மாமியார் வீட்டில் முதல் நாள் உப்பு டப்பாவைத் தேடும் நிலைமைதான். சமைக்கத் தெரியும், ஆனால் கை தானாகப் போகாது. இந்த விளையாட்டிலோ, கை தானாகப் போனால்தான் ஆட்டம்.

அதனால் மேட்ச்சுக்கு முன்பே இருவருடைய கணக்கும் தெளிவாக இருந்தது. மொசாத்துக்கு முதல் ஆட்டத்திலேயே முன்னிலை வேண்டும். பழகிய எக்ஸ்பாக்ஸில் கோல்களைச் சேர்த்துக்கொண்டு, பழகாத பிளேஸ்டேஷனில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். ஹர்கூஸுக்கு முதல் ஆட்டத்தில் வெற்றிகூட அவசியமில்லை. அசலூரில் உயிரோடு திரும்பினாலே போதும். டிரா என்றால், அது அவருக்குப் பாதி வெற்றி.

இன்னொரு வசதியும் ஹர்கூஸுக்கு வாய்த்தது. அவருடைய சொந்த ஊர் இரண்டாவதாக வருகிறது. எத்தனை கோல் தேவை என்பது தெரிந்த பிறகு, பழகிய கன்ட்ரோலரைக் கையில் எடுப்பது சின்ன விஷயம் இல்லை.

8 விநாடிக்கு ஒரு நிமிடம்

இந்த விளையாட்டின் கடிகாரத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை தானே புரியும். திரையில் ஓடுவது 90 நிமிடம். நிஜத்தில் ஒரு பாதிக்கு 6 நிமிடம்தான். ஆக ஒரு மேட்ச் 12 நிமிடம், இரண்டும் சேர்ந்தால் 24 நிமிடம். கணக்குப் போட்டால், திரையில் ஒரு நிமிடம் என்பது நம் கடிகாரத்தில் 8 விநாடி.

85-வது நிமிடத்தில் ஒருவர் 1-0 என முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். நிஜக் கால்பந்தில் அந்த ஐந்து நிமிடம் ஒரு யுகம். இங்கே 40 விநாடி. பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நாலு பாஸ் இந்தப் பக்கம், நாலு பாஸ் அந்தப் பக்கம் போட்டால் முடிந்தது கதை. அதனாலேயே முதல் கோலுக்கு இங்கே மதிப்பு அதிகம். கோல் வாங்கியவர் பந்தைப் பிடுங்கவே முன்னேறி வர வேண்டும். முன்னேறினால் பின்னால் காலியிடம். அந்தக் காலியிடத்தில் இரண்டாவது கோல்.

நேரத்தைக் கடத்துவது பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். யூடியூபில் இந்த மேட்ச்களைப் பார்க்கும் பிள்ளைகள் கமென்ட்டில் திட்டித் தீர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் ஒன்றே முக்கால் கோடி ரூபாய் மேசையில் இருக்கும்போது, அழகாக ஆடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

ஐந்து திட்டங்கள், ஒரு கட்டை விரல்

அந்த ஆண்டு ஆடப்பட்டது ஃபிஃபா 19. அதில் புதிதாக வந்த ஒரு வசதி மேட்ச்சுக்கு முந்தைய அரை மணி நேரத்தை முக்கியமாக்கியது. வீரர் ஐந்து திட்டங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். மிகவும் தற்காப்பு, தற்காப்பு, சமநிலை, தாக்குதல், உச்சகட்டத் தாக்குதல். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபார்மேஷன், அணி எவ்வளவு அகலமாக விரிய வேண்டும், எவ்வளவு முன்னேறி நிற்க வேண்டும், கார்னருக்கு எத்தனை பேர் போக வேண்டும் என்று தனித்தனி அமைப்பு. ஆட்டத்தின் நடுவே அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினால் பதினொரு பேரும் அடுத்த திட்டத்துக்கு மாறிவிடுவார்கள்.

நிஜக் கால்பந்துப் பயிற்சியாளர் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவதை, இங்கே ஒரு கட்டை விரல் செய்துவிடுகிறது. ஆனால் அந்த விரல் இடதுபக்கக் குச்சியை விட்டு நகர வேண்டும். அந்தக் குச்சிதான் வீரரை ஓட வைப்பது. விட்ட கணத்தில் பந்து வைத்திருக்கும் ஆள் தடுமாறுவார். ஆகவே பந்து வெளியே போன நேரம் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அந்த அம்புக்குறி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று விரல் தேடத் தொடங்கினால்? மேலே சொன்ன உப்பு டப்பா கதை இங்கேதான் வேலை செய்கிறது.

திட்டங்களில் எதை எழுதுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் காலகட்டத்தில் பரவலாக ஆடப்பட்டவற்றில் ஒன்று 4-2-3-1. நான்கு தடுப்பாளர்களுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டர்கள் கேடயம்போல நிற்பார்கள். நடுவில் துளைப்பது கடினம். இன்னொன்று 4-1-2-1-2. நடுக்களத்தில் ஆட்களைக் குவித்து, குட்டிக் குட்டிப் பாஸ்களால் வலை பின்னும் முறை. பந்து கையில் இருக்கும்வரை இதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் இரண்டு ஓரங்களும் காலி. எதிராளி பக்கவாட்டில் வேகமாக ஓடத் தெரிந்தவராக இருந்தால் அவஸ்தை. முன்னிலை பெற்ற பிறகு ஐந்து தடுப்பாளர்களுக்கு மாறுவதும் சகஜம்.

யாரை ஓட்டுகிறார் என்று பாருங்கள்

வீட்டில் ஆடும் பிள்ளைக்கும் மேடையில் ஆடும் சாம்பியனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் கோல் அடிப்பதில் இல்லை, தடுப்பதில் இருக்கிறது.

திரையில் ஒரு வீரரின் தலைக்கு மேல் சின்ன முக்கோணம் தெரியும். அவரைத்தான் கேமர் ஓட்டுகிறார். மற்ற பத்துப் பேரையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. இந்த விளையாட்டின் மொத்த வியூகமும் இந்த ஒரு வரியில் அடங்கும். ஒரே நேரத்தில் ஒருவரைத்தான் ஓட்ட முடியும் என்றால், யாரை ஓட்டுவது?

புதிதாக ஆடுபவர் பந்துக்கு அருகில் இருக்கும் தடுப்பாளரைப் பிடித்து, வேக பட்டனை அழுத்திக்கொண்டு பந்தை நோக்கிப் பாய்வார். எதிராளி அதற்காகவே காத்திருப்பார். தடுப்பாளர் கிளம்பிய இடத்தில் ஓட்டை விழும். அதன் வழியே ஒரு பாஸ். கோல்கீப்பர் தனியாக நிற்பார்.

கைதேர்ந்தவர் கடைசித் தடுப்பாளர்களை முடிந்தவரை தொடமாட்டார். அவர்கள் இடம் மாறாமல் நிற்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு, அவர்களுக்கு முன்னால் இருக்கும் மிட்ஃபீல்டரை ஓட்டுவார். பந்தைப் பிடுங்க அல்ல, பாஸ் போகும் வழியை மறிக்க. எதிராளியைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகரும் 'ஜாக்கி' பட்டனை அழுத்தியபடி, கபடியில் ஆளைச் சுற்றி வளைப்பதுபோலக் காத்திருப்பார். எதிராளி பொறுமை இழந்து தவறான பாஸ் போடும்வரை காத்திருப்பு தொடரும்.

இன்னொரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் ஓட்டும் இன்னொரு வீரரும் பந்தைத் துரத்த ஓடி வருவார். இலவச உதவிபோலத் தெரியும். ஆனால் அவர் எங்கிருந்து வந்தாரோ அங்கே ஒரு பள்ளம் விழும், அவருடைய மூச்சும் தீரும். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் களைத்துப்போன தடுப்பாளர், புதிதாக இறக்கப்பட்ட ஸ்ட்ரைக்கரின் பின்னால் ஓடுவது பார்க்கவே பாவமாக இருக்கும்.

இந்தத் தடுப்புக் கலையில்தான் மொசாத் பெயர் எடுத்திருந்தார். 2018 இறுதிப்போட்டியில் பெல்ஜியத்தின் ஸ்டெஃபானோ பின்னாவை அவர் வென்றது மொத்தக் கணக்கில் 4-0. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை. 2 கோடிப் பேர் தகுதிச்சுற்றில் இறங்கி, 32 பேர் மட்டும் லண்டன் மேடைக்கு வந்த ஆண்டு அது. அப்போது மொசாத்துக்கு வயது 18.

பந்தே மாறிவிட்டால்?

ஆகவே 2019-ல் அவர் முன்னால் இருந்தது வெறும் பரிசுத்தொகை இல்லை. இந்த உலகக்கோப்பை தொடங்கியது 2004-ல். அதுவரை யாரும் கோப்பையை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றதில்லை. ஸ்பெயினின் அல்ஃபோன்சோ ராமோஸ் இரண்டு முறை சாம்பியன்தான், ஆனால் 2008-லும் 2012-லும். பிரான்ஸின் புரூஸ் கிரானெக் 2009-லும் 2013-லும். இடையில் நான்கு நான்கு ஆண்டுகள் இடைவெளி.

ஏன் இவ்வளவு கடினம்? கிரிக்கெட்டில் போன வருடப் பந்தும் இந்த வருடப் பந்தும் ஒன்றுதான். இங்கே ஒவ்வோர் ஆண்டும் புதுப் பதிப்பு வருகிறது. பந்தின் உருளல், வீரர்கள் திரும்பும் வேகம், எந்த இடத்திலிருந்து அடித்தால் கோல் விழும் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். போதாக்குறைக்கு, நடுவில் வரும் அப்டேட்டுகள். நேற்றுவரை வேலை செய்த வித்தை இன்று காலை டவுன்லோடு முடிந்ததும் செத்துப்போயிருக்கும். மொசாத் கோப்பை வென்றது ஃபிஃபா 18-ல். தக்கவைக்க வேண்டியது ஃபிஃபா 19-ல்.

அந்தப் பதிப்பில் வந்த இன்னொரு புதுமை, கோல் அடிப்பதையே சூதாட்டமாக்கியது. ஷாட் அடிக்க ஒரு முறை பட்டனை அழுத்த வேண்டும். வீரரின் கால் பந்தைத் தொடும் அதே கணத்தில் இன்னொரு முறை அழுத்தினால் பந்து கூடுதல் துல்லியத்தோடு சீறும். அந்தக் கணம் தவறினால், சாதாரணமாக அடித்திருந்தால் போயிருக்கக்கூடிய பந்தும் வானத்தைப் பார்க்கும். இரண்டாவது அழுத்தத்தைத் தவிர்த்தும் ஆடலாம், அது பாதுகாப்பான வழி. இறுதிப்போட்டியில், அதுவும் பழகாத கன்ட்ரோலரில், எந்த ஷாட்டுக்கு இரண்டாவது முறை அழுத்துவது, எதற்கு விடுவது? கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு.

கோல்கீப்பர் விஷயத்திலும் இப்படி ஒரு கண்ணாமூச்சி உண்டு. தடுப்பவர் விரும்பினால் தன் கோல்கீப்பரைத் தானே ஒரு பக்கமாக நகர்த்தலாம். எதிராளி எந்த மூலையில் அடிப்பார் என்று ஊகித்து அங்கே போய் நின்றால் பந்து கையில். ஆனால் அடிப்பவரும் அதே திரையைத்தான் பார்க்கிறார். கீப்பர் நகர்வதைக் கவனித்துவிட்டால் எதிர்ப்பக்கம் தட்டிவிடுவார்.

ஹர்கூஸ் பக்கம் என்ன இருந்தது? அதே 2019-ல், ஜெர்மனியின் பண்டஸ்லிகா நடத்திய முதல் இ-ஸ்போர்ட்ஸ் கிளப் சாம்பியன்ஷிப்பை வெர்டர் பிரேமனுக்கு வென்று தந்த ஜோடியில் அவர் ஒருவர். இன்னொருவர் 'மெகாபிட்' என்று அழைக்கப்படும் மிஷேல் பிட்னர். அந்தத் தொடரில் எல்லா வீரர்களுக்கும் ஒரே தர மதிப்பெண், 85. உன்னிடம் ரொனால்டோ இருக்கிறார், என்னிடம் இல்லை என்று புலம்ப வழியில்லை. வேகமான ஆளை வைத்துத் தப்பிக்க முடியாது, இடம் பார்த்து நிற்பதும் பாஸ் போடுவதும்தான் காப்பாற்றும். அந்தப் பள்ளியில் ஒரு சீசன் முழுக்கத் தேர்வு எழுதி வந்தவர் ஹர்கூஸ்.

நடந்தது இதுதான்

முதல் ஆட்டம், எக்ஸ்பாக்ஸ். முடிவு 1-1.

மொசாத்துக்குத் தேவைப்பட்ட முன்னிலை கிடைக்கவில்லை. ஹர்கூஸ் அசலூரிலிருந்து கோலோடு உயிர் பிழைத்துத் திரும்பினார். அடுத்த 12 நிமிடத்துக்குப் பழகிய கன்ட்ரோலர் இப்போது அவர் கையில். இரண்டாவது ஆட்டம் 2-1. மொத்தம் 3-2. ஜெர்மனிக்கு முதல் இ-வேர்ல்டு கப்.

மொத்த வித்தியாசம் ஒரே ஒரு கோல். மொசாத் பழகாத பிளேஸ்டேஷனிலும் ஒரு கோல் அடித்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். 'கன்ட்ரோலர் மாறியதால் தோற்றார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அது அவருக்கும் நியாயமில்லை, ஹர்கூஸுக்கும் நியாயமில்லை. இருவரும் அசலூரில் ஆளுக்கு ஒரு கோல் அடித்தார்கள். சொந்த ஊரில் ஹர்கூஸ் இரண்டு, மொசாத் ஒன்று. அவ்வளவுதான். போட்டியின் அமைப்பு யாருக்கு எங்கே வாய்ப்பு என்று கோடு போட்டுக் கொடுத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர் கோப்பையைத் தூக்கினார்.

கோப்பையைத் தக்கவைக்கும் வாய்ப்பு ஹர்கூஸுக்கும் கிடைக்கவில்லை. கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் போட்டி நடக்கவில்லை. 2022-ல் கோபன்ஹேகனில் மீண்டும் நடந்தபோது வென்றவர் இன்னொரு ஜெர்மானியர், உமுத் குல்டெகின். 2023-ல் ரியாத்தில் நெதர்லாந்தின் மனுவேல் பச்சூரே. அதே ஆண்டு ஃபிஃபா அமைப்பும் கேம் தயாரிக்கும் இஏ நிறுவனமும் பிரிந்தன. பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் 'ஃபிஃபா' என்று கூப்பிட்டுப் பழகிய விளையாட்டு, 'இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி' ஆனது. பெட்டிக்கு மேல் பெயர் மாறியதே தவிர, வீட்டில் பாதிப்பேர் இன்னும் ஃபிஃபா என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு திரை, இரண்டு பேர்

உமுத் ஆடிய ஆர்பி லைப்சிக் அணியிலேயே இன்னொரு பையன் இருந்தான். டென்மார்க்கின் ஆண்டர்ஸ் வெய்ர்கங். ஃபிஃபா 21-ன் வார இறுதி ஆன்லைன் தொடரில் ஒரு தோல்விகூட இல்லாமல் அடுத்தடுத்து 535 வெற்றிகள். உலகத் தொடர்களில் இறங்கக் குறைந்தபட்ச வயது 16. அவனுக்கு அப்போது அந்த வயது ஆகவில்லை. உலகின் முன்னணி வீரர்களை ஆன்லைனில் தோற்கடித்துவிட்டு, அவர்கள் மேடை ஏறுவதை வீட்டிலிருந்து பார்த்தான்.

இந்தியாவின் பெயர் இந்த மேடையில் ஒலித்தது 2022-ல். நாடுகளுக்கு இடையிலான ஃபிஃபா-இ நேஷன்ஸ் கப்புக்கு சரண்ஜோத் சிங், சித் சந்தரானா, சாரன்ஷ் ஜெயின் ஆகியோர் கொண்ட இந்திய அணி முதல் முறையாகத் தகுதி பெற்று கோபன்ஹேகன் போனது. அது இருவருக்கு இருவர் மோதும் போட்டி. ஒரே அணியின் பதினொரு பேரை இரண்டு பேர் பகிர்ந்து ஓட்ட வேண்டும். இப்போது ஓர் அணிக்கு முக்கோணம் இரண்டு. ஒருவர் மிட்ஃபீல்டரைப் பிடித்து வழியை மறித்தால் மற்றவர் பந்தை நோக்கிப் போகலாம். இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் முன்பு சொன்ன ஓட்டை இரட்டிப்பாகும். அடுத்தடுத்து உட்கார்ந்து விடாமல் பேசிக்கொண்டே ஆடுவதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

அடுத்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸுக்கு முதல் முறையாகப் பதக்கம். சரண்ஜோத் சிங்கும் கர்மன் சிங் டிக்காவும் இந்தியாவுக்காகப் போனார்கள். அங்கே வைக்கப்பட்டிருந்தது இந்திய வீரர்கள் பழகிய கன்சோல் கால்பந்து இல்லை. தென் கொரியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா போன்ற நாடுகளில் கம்ப்யூட்டரில் பல ஆண்டுகளாக ஆடப்பட்டு வரும் எஃப்சி ஆன்லைன். தங்கம் தாய்லாந்தின் டீடெக் சோங்சைசகுலுக்கு, வெண்கலம் தென் கொரியாவின் குவாக் ஜுன்-ஹியோக்குக்கு. இந்தியர்கள் இருவரும் பதக்கம் இல்லாமல் திரும்பினார்கள். அவர்களுக்கு எல்லா ஆட்டமும் அசலூரில்தான் நடந்தது.